முந்திரித் தோப்பை அடமானம் வைத்துச் சட்டம் படிக்க வேண்டுமா?

சென்ற வாரம் கடலூரிலிருந்து ஒரு குடும்பம் புதுச்சேரியிலுள்ள என் அலுவலகத்துக்கு வந்திருந்தது. தந்தை சிப்காட் பகுதியில் ஒரு தொழிற்சாலையின் கிடங்குக் கணக்கைப் பார்க்கிறவர். தாய் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர். மகள் அரசுப் பெண்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்களுடன் முடித்தவள். உடன் வந்த தாய்மாமன் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்கறிஞர். மாவட்ட மைய நூலகத்திலிருந்து அரசியல், சட்டம், சமூகம் பற்றிய கனத்த ஆய்வு நூல்களாகவே எடுத்துவந்து படிக்கும் பெண்ணுக்குச் சட்டப் படிப்பைத் தவிர வேறென்ன பொருந்தும் என்பது மாமனின் வாதம். வெளியூர்த் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் கேட்டிருக்கிறார்கள். விடுதிச் செலவு தனி. பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

பதறாதீர்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் தொடங்கினேன். ஆனால் தாளை எடுத்துக் கணக்குப் போட்டதும் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன். கட்டணம் மட்டுமே பதினேழரை லட்சம். விடுதியும் உணவும் சேர்ந்தால் இருபதைத் தாண்டும். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைக் கடந்தால் வங்கிகள் பொதுவாகச் சொத்தைப் பிணையாகக் கேட்கும் என்பதால்தான் தோப்பின் பேச்சே எழுகிறது. படிப்பு முடிந்து மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஜூனியராகச் சேரும் பெண் முதல் சில ஆண்டுகளில் என்ன சம்பாதிப்பாள் என்று மாமனிடமே கேட்டேன், அவர் சிரித்துக்கொண்டார். ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 15,000 முதல் 20,000 ரூபாய் வரை உதவித்தொகை தரப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றமே 2024-இல் தலையிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்து அதற்கு முன் இருந்த நிலையை ஊகித்துக்கொள்ளலாம். அந்த வருமானத்தில் இருபது லட்சத்துக்கான தவணையைக் கட்ட முடியாது. கட்டப்போவது தந்தையின் ஓய்வுக்காலச் சேமிப்புதான். எனவே தோப்பு பற்றிய கேள்விக்கு என் பதில், கூடாது.

அதைவிட முக்கியமானது பெண்ணின் மனச்சாய்வு. அதுவரை அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறாயா என்று கேட்டேன். "மாமாவோட ரெண்டு நாள் போனேன் சார். வாதாடுறதைப் பார்க்க ஆசை வரலை. கேஸ் கட்டைப் படிக்கத்தான் பிடிச்சுது" என்றாள். படித்து என்ன செய்வாய் என்றதும் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினாள். நூலகப் புத்தகங்களில் தான் கண்ட முரண்பாடுகளைப் பக்க எண்ணோடு அதில் குறித்து வைத்திருந்தாள். புதுச்சேரி வரலாறு பற்றிய ஒரு நூல், 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பேர் இந்தியாவுடனான இணைப்பை ஆதரித்ததாக ஓரிடத்திலும் 170 பேர் என்று வேறோரிடத்திலும் கூறுகிறது. வாக்களித்தவர்கள் 178 பேர், ஆதரித்தவர்கள் 170 பேர், எதிர்த்தவர்கள் 8 பேர் என்று அவளே மற்றொரு நூலைப் பார்த்து எழுதி, அடிக்கோடும் இட்டிருந்தாள். சட்டத்தைப் பற்றிய புத்தகத்தை விரும்புவதும் சட்டத் தொழிலை விரும்புவதும் வேறு வேறு என்பதை மாமனுக்கு விளக்க அந்த நோட்டே போதுமானதாக இருந்தது.

பொறியியல், ஆசிரியர் பயிற்சி, ஆட்சிப் பணித் தேர்வு ஆகியவற்றைப் பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை. அவற்றைச் சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். கடலூரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருந்தும் கடலூர்ப் பெற்றோர் கண்ணில் படாத ஒரு தொழில் இருக்கிறது. உலகின் பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் வெளியிடும் ஆய்வு நூல்களில் கணிசமானவை, அச்சுக்குப் போகுமுன் புதுச்சேரியிலும் சென்னையிலும் உள்ள நூல் தயாரிப்பு நிறுவனங்களில் செம்மையாக்கப்பட்டு, பக்கம் கோக்கப்பட்டு, மெய்ப்புப் பார்க்கப்படுகின்றன. காப்பி எடிட்டர் என்று அங்கே அழைக்கப்படுகிறவர் காற்புள்ளி திருத்துகிறவர் மட்டும் அல்லர். நூலாசிரியர் ஒருவர், வகுப்புவாரி ஒதுக்கீட்டு ஆணையை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கிய செண்பகம் துரைராஜன் வழக்கைப் பற்றி எழுதி, அதன் விளைவாக வந்த முதல் அரசமைப்புத் திருத்தத்தை 1950 என்று குறிப்பிட்டிருந்தால், தீர்ப்பும் திருத்தமும் 1951-ஐச் சேர்ந்தவை என்பதைக் கண்டு, தானே மாற்றிவிடாமல், பணிவான ஒரு கேள்வியாக ஆசிரியருக்கு எழுதி அனுப்புவது அவர் வேலை. 1951-ஐப் பற்றிய பத்தியில் தமிழ்நாடு மாநிலம் என்று இருந்தால் நிறுத்திக் கேட்க வேண்டும். மாநிலத்தின் பெயர் மாறியது 1969-இல். பாண்டிச்சேரி என்பது புதுச்சேரி ஆனது 2006-இல். இப்படி நூல் முழுவதற்குமான முடிவுகளை ஸ்டைல் ஷீட் என்ற ஒரு தாளில் எழுதி வைத்து, முந்நூறாம் பக்கத்திலும் அதற்குக் கட்டுப்பட்டு நடப்பதற்கு ஒரு தனி மனப்போக்கு வேண்டும். அந்த மனப்போக்கு இந்தப் பெண்ணுக்குப் பதினேழு வயதிலேயே இருக்கிறது.

உள்ளூர்க்காரர் என்பதும் இங்கே ஒரு தகுதியாகும். பிரெஞ்சு ஆட்சியில் 1881-ஆம் ஆண்டின் ஆணைப்படி தம் சமய வழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் ரெனோன்சான்கள் எனப்பட்டனர். துறந்தவர்கள் என்பது அச்சொல்லின் பொருள். புதுச்சேரிச் சமூகத்தைப் பற்றிய சட்ட நூலில் இந்தச் சொல்லைக் காணும் வெளியூர்ச் செம்மையாளர் அதைத் துறவிகள் என்று எண்ணித் திருத்திவிடவும் கூடும். உங்கள் மகள் அப்படிச் செய்யமாட்டாள். 1889 முதல் இங்கே இயங்கும் அலியான்ஸ் பிரான்சேஸில் அவள் இரண்டு நிலைகளாவது பிரெஞ்சு படித்துவிட்டால், 1955-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகத்தில் உட்கார்ந்து வாசிக்கவும் அவளுக்குத் துணிவு வரும்.

இந்தத் தொழிலுக்குள்ளேயே இன்னும் நுட்பமான ஒரு கிளை உண்டு. நூலின் கடைசியில் இண்டெக்ஸ் என்று வருகிறதே, அந்தப் பொருளடைவைத் தயாரிக்கும் வேலை. பிரிட்டனில் 1957-இலேயே இதற்கெனத் தனிச் சங்கம் அமைந்துவிட்டது. நம்மிடையே அது ஒரு தொழில் என்பதே பலருக்குத் தெரியாது. பக்கங்கள் கோக்கப்பட்டு எண்கள் உறுதியான பிறகு, இரண்டு மூன்று வாரங்களுக்குள், நூல் முழுவதையும் படித்து, ஒரு வாசகர் எந்தச் சொல்லின் கீழ் எதைத் தேடுவார் என்று முன்கூட்டியே யோசித்து அடைவை அமைக்க வேண்டும். கணினியில் ஒரு சொல்லைத் தேடினால் அது வரும் இடமெல்லாம் கிடைத்துவிடுமே என்று மாமன் கேட்டார். சொல் கிடைக்கும், கருத்து கிடைக்காது. கட்டாய உழைப்பைப் பற்றிய நான்கு பக்கங்களில் அந்தச் சொல்லே ஒருமுறையும் வராமல் போகலாம். தமிழ்ப் பெயர்கள் வேறு இருக்கின்றன. குடும்பப் பெயரைத் தேடிப் பழகிய அயல்நாட்டவருக்கு, சி.என். அண்ணாதுரை என்பதில் முதல் எழுத்து காஞ்சிபுரத்தின் ஆங்கில வடிவத்தையும் அடுத்தது தந்தை நடராஜனையும் குறிக்கின்றன என்பதும், ஆகவே அடைவில் அவர் அண்ணாதுரை என்ற பெயரின் கீழேயே வர வேண்டும் என்பதும் யாராவது சொன்னால்தான் தெரியும். வழக்குகளின் பெயர்களுக்குச் சட்ட நூல்களில் பெரும்பாலும் தனி அட்டவணையே உண்டு.

அன்று அந்தப் பெண்ணுக்கு ஒரு வேலை கொடுத்து, மற்றவர்களைத் தேநீர் அருந்த அனுப்பினேன். அரசமைப்பின் மூன்றாம் பகுதியை, 12 முதல் 35 வரையுள்ள உறுப்புகளை, கையில் கொடுத்து அடைவு போடச் சொன்னேன். தீண்டாமை, 17 என்று எவரும் எழுதுவார்கள். அவள் குழந்தைகள் என்று ஒரு தலைச்சொல்லை அமைத்து, சிறப்பு ஏற்பாடுகள் 15(3), கல்வியுரிமை 21அ, தொழிற்சாலை வேலைக்குத் தடை 24 என்று மூன்று துணைப்பதிவுகளை அதன் கீழ் வைத்திருந்தாள். மூன்றும் வெவ்வேறு இடங்களில் கிடப்பவை. யாரும் கற்றுக்கொடுக்காமல் இதைச் செய்கிற பிள்ளையை ஐந்து ஆண்டு வேறொரு வழியில் அனுப்புவதற்குப் பணம் கொடுத்தாலும் எனக்கு மனம் வராது.

குறைகளை மறைப்பதற்கில்லை. தொடக்கச் சம்பளம் சொற்பம். திருமண வீட்டில் உறவினர் கேட்டால் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தொகை அல்ல. தனியாக வேலை எடுப்பவர்களுக்குப் பக்கக் கணக்கில் கூலி. கெடு நெருங்கினால் இரவு விழிக்க வேண்டியிருக்கும், கண்ணாடியும் சீக்கிரமே வரும். அட்டையில் பெயர் வராது. செயற்கை நுண்ணறிவு இதை விழுங்கிவிடாதா என்று தாய் கேட்டது நியாயமான கேள்வி. இலக்கணத் திருத்தத்தின் ஒரு பகுதியை அது ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் இல்லாத சான்றை இருப்பதுபோல் எழுதுவதும் அதே இயந்திரம்தான். 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் அது கற்பனையாக உருவாக்கிக் கொடுத்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதத்துக்கு உள்ளானார்கள். அடிக்குறிப்பை ஒவ்வொன்றாகத் திறந்து, அந்த நூல் உண்மையிலேயே இருக்கிறதா, அந்தப் பக்கத்தில் அதுதான் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறவரின் தேவை இதனால் கூடுமே தவிரக் குறையாது என்பது என் கணிப்பு. எளிய திருத்த வேலையை மட்டும் நம்பி இத்துறைக்கு வருகிறவரை நான் தடுப்பேன். இந்தப் பெண்ணைத் தடுக்கமாட்டேன்.

படிப்பு எளிது. அரசுக் கலைக் கல்லூரியிலோ, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ, வரலாறு, அரசியல் அறிவியல், ஆங்கிலம் இவற்றில் இடம் கிடைப்பதை எடுத்து மூன்று ஆண்டு படிக்கட்டும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பிரெஞ்சு வகுப்புக் கட்டணத்துக்கு அதைச் சேர்த்து வைக்கலாம். கூடவே, 1906-இல் முதலில் வெளிவந்து 2024-இல் பதினெட்டாம் பதிப்பைக் கண்டுள்ள, ஆங்கில நூல் செம்மையாக்கத்துக்கான சிகாகோ நடைக் கையேட்டின் அடிக்குறிப்பு முறைகளை வாரம் ஒரு மணி நேரமாவது பழக வேண்டும். இந்நிறுவனங்கள் பெரும்பாலும் பட்டத்தைப் பார்த்ததோடு நிற்காமல் ஒரு செம்மையாக்கத் தேர்வு வைத்தே ஆளெடுக்கின்றன. மூன்று ஆண்டு கழித்து, இல்லை, நான் வாதாடத்தான் போகிறேன் என்று அவளே சொன்னால், பட்டதாரிகளுக்கான மூன்றாண்டுச் சட்டப் படிப்பு விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரியிலேயே இருக்கிறது. அப்போதும் தோப்பை விற்கத் தேவையிராது.

மாமனுக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. அவரிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன்: அவருடைய அலுவலகத்தில் மேல்முறையீட்டுக்காகத் தொகுத்து வைத்திருக்கும் பெரிய கட்டு ஒன்றுக்குத் தேதிவாரிப் பட்டியலையும் பொருளடைவையும் இந்த விடுமுறையில் மருமகள் தயாரிக்கட்டும், அதற்கு வெளியாளுக்குத் தரும் கூலியை அவளுக்கும் தாருங்கள் என்று. கூலி பற்றி யோசித்துச் சொல்வதாகக் கூறினார். கட்டு எத்தனை பக்கம் என்று அவள் உடனே கேட்டாள்.