ஓரம் நறுக்கிய ரோமன் வெள்ளிக் காசை வாங்கலாமா?

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். இங்கே ஒரு பழங்காசுக் கடையில் ரோமப் பேரரசர் வேலன்ஸின் சிலிக்குவா என்ற வெள்ளிக் காசு ஒன்றைப் பார்த்தேன். முகம் தெளிவாக இருக்கிறது, ஆனால் சுற்றிலும் ஓரத்தை நறுக்கி, பெயரில் பாதி எழுத்து போய்விட்டது. முழுக் காசைவிட விலை ரொம்பக் குறைவு. பக்கத்திலேயே இன்னொரு பேரரசர் கேலியனஸின் காசு ஒன்று, ‘வெள்ளி’ என்று சீட்டு எழுதி, இன்னும் மலிவாக வைத்திருக்கிறார்கள். எதை எடுக்கலாம்?

பதில்: வேலன்ஸைத் தாராளமாக எடுங்கள். நறுக்கியிருப்பதாலேயே எனக்கு அது கூடுதலாகப் பிடிக்கும். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டன் ரோமின் கையை விட்டுப் போனபோது புதுக் காசு வரத்து நின்றுபோனது, அதனால் கையிலிருந்த காசுகளின் ஓரத்தை நறுக்கி வெள்ளி சேர்த்தார்கள், ஆனால் பேரரசர் முகத்தில் மட்டும் பெரும்பாலும் கை வைக்கவில்லை. 1992இல் சஃபோக்கில், தொலைந்த சுத்தியலைத் தேடப்போய்க் கிடைத்த ஹாக்ஸன் புதையலில் 14,000க்கும் மேல் வெள்ளிக் காசுகள், பெரும்பாலானவை இப்படி நறுக்கியவைதான். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, வாங்குமுன் ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள்.

கேலியனஸ் விஷயம் வேறு. அவர் 253 முதல் 268 வரை ஆட்சி செய்தார், அவருடைய கடைசி வருடங்களில் அடித்த காசில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூடக் கிடையாது, செம்புக்கு மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு, அவ்வளவுதான். ஆசைப்பட்டால் வாங்கலாம், வெள்ளி என்று நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

சரி, வேலன்ஸ் அசல்தானா? முழு சிலிக்குவா சுமார் 2 கிராம் இருக்கும், நறுக்கியதில் எடையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அதனால் லென்ஸ் வைத்து விளிம்பைப் பாருங்கள். வெட்டுப்பட்ட இடமும் முகப்பைப் போலவே மங்கி, கருத்திருக்க வேண்டும். அது மட்டும் பளிச்சென்றிருந்தால் சமீபத்து வேலை. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடோ, மேலே ஊசிமுனைப் பொத்தல்களோ தெரிந்தால் வார்ப்பில் ஊற்றிய போலி. மயிரிழை விரிசல் இருந்தாலும் விட்டுவிடுங்கள், அவ்வளவு பழைய வெள்ளி நொறுங்கும், கைதவறி விழுந்தால் இரண்டாகிவிடும்.

அப்புறம் ரசீது. ஆன்லைனில் வியாபாரியிடம் வாங்கினால் பிரிட்டனில் மனம் மாறினால் 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு, கடையில் நேரில் வாங்கினால் அது கிடையாது. அதனால் பேரரசர் பெயர், ‘அசல்’ என்ற வார்த்தை, போலி என்று தெரிந்தால் பணம் திருப்பித் தரப்படும் என்பது, முன்பு யாரிடமிருந்து வந்தது, எல்லாவற்றையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர யோசிக்கிற கடையில் வாங்க வேண்டாம்.