ஸ்டாக் தீர்ந்த பிறகு சிக்னல் எங்கே இறங்கும்?

வணக்கம் சார்,

காட்பாடியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். செக்மென்டேஷன் ஃபால்ட்டை (தொடக்கூடாத நினைவகத்தை நிரல் தொட்டால் வரும் பிழை) பிடிக்க சி-யில் ஒரு சிக்னல் ஹேண்ட்லர் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல் அனுப்பும் அறிவிப்பு வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) எழுதினேன். எந்த நினைவகத்தையும் சுட்டாத நல் பாயின்டரில் எழுதினால் ஹேண்ட்லர் ஓடுகிறது, ஆனால் ஒரே வரியை நிறுத்தாமல் அச்சடிக்கிறது. முடிவில்லாமல் தன்னையே அழைக்கும் ஃபங்ஷனை ஓட்டி ஸ்டாக்கை (ஃபங்ஷன் அழைப்புகளின் விவரம் அடுக்கப்படும் நினைவகம்) நிரப்பினால் ஹேண்ட்லர் ஓடுவதே இல்லை, ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) செத்துவிடுகிறது. இரண்டும் ஒரே சிக்னல்தானே? லேப்பில் கேட்டதற்கு, "ஸ்டாக் நிரம்பினால் ஒண்ணும் பண்ண முடியாது, விட்டுடு" என்றார்கள். ஹேண்ட்லர் ஓடும்போது கெர்னலின் அதிகாரம் அதற்குக் கிடைக்காதா?

ஒரு மாணவர், காட்பாடி

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டையும் எழுதி ஓட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியேதான் நடக்கிறது. விட்டுவிடக்கூடிய கேள்வி இல்லை இது.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கிடைக்காது. ஹேண்ட்லர் உங்கள் ப்ராசஸின் சாதாரண ஃபங்ஷன். யூசர் மோடில், அதாவது கெர்னலின் அதிகாரம் இல்லாத நிலையில், அதே பேஜ் (நினைவகத் துண்டு) அனுமதிகளோடுதான் ஓடும். படிக்க மட்டும் என்று குறித்த பேஜில் ஹேண்ட்லர் எழுதினாலும் ஃபால்ட்தான்.

இனி நிற்காத அச்சு. எங்கள் வீடு குடியாத்தத்தில், தறிக்காரர் வீடு. பாவில் ஓர் இழை அறுந்தால் அப்பா மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார். துண்டு நூல் ஒன்றை முடிச்சுப் போட்டு, விழுதிலும் அச்சிலும் கோத்து இழுத்துவிட்டு, விட்ட இடத்திலேயே நாடாவை ஓட்டுவார். முடிச்சுப் போடாமல் மிதித்தால் அதே ஓட்டைதான் துணியில் நீளும். ஃபால்ட்டும் இப்படித்தான். ஹேண்ட்லர் திரும்பியதும், ஃபால்ட் ஆன அதே இன்ஸ்ட்ரக்ஷனைப் ப்ராசஸர் மறுபடி ஓட்டும். நீங்கள் எதையும் சரிசெய்யவில்லை, அதனால் மறுபடி ஃபால்ட், மறுபடி ஹேண்ட்லர்.

சரிசெய்தால் இதுவே பெரிய வசதி. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் ஸ்டீஃபன் போர்ன் எழுதிய ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்), நினைவகம் போதுமா என்று முன்கூட்டிப் பார்க்காது. எல்லை தாண்டி எழுதும், சிக்னல் வரும், ஹேண்ட்லரில் கூடுதல் நினைவகம் கேட்டு வாங்கித் திரும்பும், அதே இன்ஸ்ட்ரக்ஷன் இம்முறை ஓடிவிடும். மோட்டோரோலா 68000 ப்ராசஸர் சிப்புக்கு இந்த ஷெல்லைக் கொண்டுபோனவர்கள் படாத பாடு பட்டார்கள். ஃபால்ட் ஆன இன்ஸ்ட்ரக்ஷனைச் சரியாக மறுபடி தொடங்கத் தேவையான விவரத்தை அந்தச் சிப் சேமித்து வைக்காது. அடுத்து வந்த 68010 அதைத் தீர்த்தது.

உங்கள் இரண்டாவது நிரலில்தான் கெர்னலின் சிக்கல் முழுசாகத் தெரிகிறது. ஹேண்ட்லரை ஓட்டுவதற்கு முன், நின்ற இடத்தின் ரிஜிஸ்டர்கள் (ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) அத்தனையையும் கெர்னல் எங்காவது எழுதி வைக்க வேண்டும். அது எழுதும் இடம் உங்கள் ப்ராசஸின் ஸ்டாக். லினக்ஸில் ஸ்டாக்கின் வழக்கமான உச்சவரம்பு 8 எம்பி. உங்கள் ஃபங்ஷன் அதைத் தின்று தீர்த்ததால்தான் ஃபால்ட்டே வந்தது. அந்தச் செய்தியைச் சொல்ல வரும் கெர்னலும் அதே தீர்ந்த ஸ்டாக்கில்தான் எழுதப் பார்க்கிறது. யூசர் நினைவகத்தைக் கெர்னல் ஒருபோதும் நம்புவதில்லை. முகவரி யூசர் பக்கத்தது தானா என்று பார்த்து, இடையில் ஃபால்ட் ஆனாலும் தான் விழாதபடி காப்போடு எழுதும். எழுத முடியாவிட்டால் ப்ராசஸுக்கு வேறொரு செக்மென்டேஷன் ஃபால்ட் சிக்னல் போகும். இங்கே அனுப்ப வந்ததே அந்தச் சிக்னல்தான் என்பதால், ஹேண்ட்லரை ஒதுக்கிவிட்டு ப்ராசஸை முடித்துவிடுகிறது.

இதற்கு வழி உண்டு. சிக்ஆல்ட்ஸ்டாக் என்ற சிஸ்டம் காலில் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) தனியாக ஒரு ஸ்டாக்கை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ஹேண்ட்லரைப் பதியும்போது அந்த ஸ்டாக்கில் ஓடு என்ற ஃபிளாகையும் வையுங்கள். பலர் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். பழைய புத்தகங்களைப் பார்த்து அந்த ஸ்டாக்குக்கு 2048 பைட் ஒதுக்காதீர்கள். ஏவிஎக்ஸ்-512 என்ற அகலமான கணக்கீட்டு வசதி உள்ள ப்ராசஸர்களில் 64 பைட் ரிஜிஸ்டர்கள் 32 இருக்கின்றன, அவை மட்டுமே 2048 பைட்டை நிரப்பிவிடும். 2021-இல் வந்த ஜிலிப்சி (லினக்ஸின் சி நூலகம்) 2.34 முதல் தனி ஸ்டாக்குக்கான அளவுகள் கான்ஸ்டன்டாக இல்லாமல் ஓடும்போது கேட்டுப் பெறும் எண்களாக மாறியது இதனால்தான். 64 கேபி கொடுத்துவிடுங்கள், வீண் இல்லை.

திரும்பும் வழியும் ஆபத்தானது, பாடங்களில் இதை யாரும் சொல்வதில்லை. ஹேண்ட்லர் முடிந்ததும் சிக்ரிட்டர்ன் என்ற சிஸ்டம் கால் நடக்கும். ஸ்டாக்கில் எழுதி வைத்த ரிஜிஸ்டர்களைக் கெர்னல் திரும்ப எடுத்துப் போடும். நடுவில் உங்கள் நிரல் அவற்றை மாற்றியிருக்கலாம். அதனால் கெர்னல் மோடுக்குத் தாவும் மதிப்பு எதையும் ஏற்காமல், ஃபிளாக்குகளிலும் அனுமதித்த பிட்களை மட்டுமே எடுக்கும். மற்ற ரிஜிஸ்டர்களை அப்படியே நம்பித்தான் ஆக வேண்டும். 2014-இல் எரிக் போஸ்மனும் ஹெர்பர்ட் போஸும் இந்த இடத்தைத்தான் பிடித்தார்கள்: சிக்னலே வராமல், போலியான ஃபிரேம் (சேமித்த ரிஜிஸ்டர்களின் தொகுப்பு) ஒன்றை ஸ்டாக்கில் வைத்து சிக்ரிட்டர்னைக் கூப்பிட்டால், எல்லா ரிஜிஸ்டரும் ஒரே அடியில் தாக்குபவர் கையில். முன்பு 32 பிட் லினக்ஸில் இந்தச் சிஸ்டம் காலைக் கூப்பிடும் சில பைட் கோடே ஸ்டாக்கில் வைக்கப்பட்டது. ஸ்டாக்கில் கோட் ஓடக்கூடாது என்று பூட்டு வந்தபின் அது அங்கிருந்து நகர்ந்தது.

உங்கள் நிரலுக்கு வருவோம். ஹேண்ட்லருக்குள் பிரின்ட்எஃப் வேண்டாம், ரைட் போதும். தனி ஸ்டாக் கொடுத்தாலும் ஹேண்ட்லரிலிருந்து சும்மா திரும்பாதீர்கள், மறுபடி அதே ஃபால்ட்தான். செய்தியை எழுதிவிட்டு எக்ஸிட் செய்யுங்கள், அல்லது சிக்லாங்ஜம்ப்பில் பழைய இடத்துக்குத் தாவுங்கள். ஹேண்ட்லருக்கு வரும் தகவலில் ஃபால்ட் ஆன முகவரி இருக்கும். அதை அச்சடித்து, அந்த ப்ராசஸின் நினைவகப் பகுதிகளைப் பட்டியலிடும் ப்ராக் மேப்ஸ் கோப்பில் ஸ்டாக் வரியோடு ஒப்பிடுங்கள். வரியின் தொடக்க முகவரிக்குச் சற்றுக் கீழே அது நிற்கும். நல் பாயின்டர் நிரலில் அதே இடத்தில் என்ன எண் வருகிறது என்றும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.