அப்பா கட்டின வீடு, வாடகைக்கா விக்கவா – ஒரு கடிதம்

அண்ணா வணக்கம்,

மதுரை அண்ணாநகர்ல அப்பா 1994ல கட்டின வீடு. மூணு சென்ட், கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு ரெண்டு போர்ஷன், மாசம் 17,000 வாடகை வருது. அப்பா போன வருஷம் தவறிட்டாங்க, உயில் எழுதல. அம்மா எங்கூட ஓசூர்லதான் இருக்காங்க. 2019ல நான் இங்க வாங்கின பிளாட்டுக்கு எட்டு பர்சென்ட் வட்டியில லோன் ஓடுது. புரோக்கர் 90 லட்சத்துக்கு பார்ட்டி ரெடிங்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் மாச வாடகை இல்லாம மொத்தமா ஒரு தொகை வாங்கிட்டு ஒத்திக்கு விடுங்கிறார், அக்கா விக்கவே கூடாதுன்னு நிக்கிது. எதுண்ணே லாபம்?

– ஒரு வாசகர்

தம்பி,

முதல்ல அந்த வாடகைய 90 லட்சத்தோட வச்சு பாருங்க. அப்பா எவ்வளவுல கட்டினாங்கங்கறது இங்க கணக்கே இல்ல, இன்னைக்கு வித்தா என்ன கிடைக்குமோ அதுதான் உங்க முதல். வருஷம் 2,04,000 ரூபா, அதாவது ரெண்டேகால் பர்சென்ட். அதுலயும் வீட்டு வரி, ஆள் மாறும்போது சும்மா கிடக்கிற மாசம், வெள்ளையடிக்கிறது, மோட்டார் காயில் போறது, முப்பது வருஷ வீடுன்னா மொட்டைமாடி ஒழுகுறதுன்னு எல்லாம் கழிச்சா ஒன்னரை நின்னாலே பெருசு. இங்க ஒன்னரை வாங்கிட்டு ஓசூர்ல எட்டு கட்டிட்டு இருக்கீங்க.

அப்புறம் ஏன் ஊரே வீட்ட வச்சுக்கிட்டு வாடகைக்கு விடுதுன்னா நிலம் ஏறும்ங்கற நம்பிக்கைதான், கட்டடம் வருஷா வருஷம் தேய்மானம், ஏறுறது அந்த மூணு சென்ட் மட்டும். வாடகை சும்மா சில்லறை. அண்ணாநகர் ஏற்கனவே நிரம்பின ஏரியா, விலை ஏறும், ஆனா காலி மனையா கிடந்த காலத்துல ஏறின வேகத்துல இனிமே ஏறாதுங்கறது என் அபிப்பிராயம்.

ஒத்தி வேண்டாம். எட்டு பத்து லட்சம் மொத்தமா வாங்கி லோன்ல போட்டுருவீங்க, மூணு வருஷம் கழிச்சு அவங்க காலி பண்றோம்னு வந்து நிக்கும்போது திருப்பிக் குடுக்க அடுத்த ஒத்திக்காரர தேடி அலையணும். மதுரைக்காரங்களுக்கு இத நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல.

வித்தா வர்ற லாபத்துக்கு கட்டுற டாக்ஸ பத்தி புரோக்கர் சொல்றத நம்பாதீங்க. 2001க்கு முந்தின சொத்துங்கறதால 2001 ஏப்ரல் மதிப்ப அடக்கவிலையா எடுத்துக்கலாம், பத்திரப் பதிவுக்கு அரசு வச்சிருந்த அப்போதைய கைடுலைன் மதிப்ப தாண்டக்கூடாது, அவ்வளவுதான். பேச்சுக்கு 8 லட்சம்னு வைங்க. 2024 ஜூலை 23க்கு முன்னாடி வாங்கின இடத்துக்கு ரெண்டு வழி இருக்கு. பணவீக்கத்த கழிக்காம 12.5 பர்சென்ட் கட்டினா 82 லட்சத்துக்கு 10.25 லட்சம். கழிச்சிட்டு 20 பர்சென்ட் கட்டினா, 2001ல 100ன்னு வச்ச பணவீக்கக் குறியீடு 2025-26க்கு 376ங்கறதால 8 லட்சம் 30 லட்சமாகி, வரி 12 லட்சத்த ஒட்டி வரும். உங்களுக்கு முதல் வழிதான், வரிக்கு மேல போடுற செஸ் தனி. இதுவும் மூணு பேருக்கு பிரியும். இன்னொரு வீடு வாங்கினா விலக்கு உண்டு, ஆனா 2019ல வாங்கின பிளாட்டோட லோன அடைச்சா விலக்கு கிடையாது, இத நிறைய பேர் மாத்தி நினைச்சுக்கறாங்க.

ஆமா, மூணு பேர்தான். உயில் இல்லேன்னா இந்து வாரிசுச் சட்டப்படி அம்மா, அக்கா, நீங்க மூணு பேருக்கும் சம பங்கு, அப்பத்தா இருந்தா அவங்களுக்கும் ஒண்ணு. அதனால 90ங்கறது உங்க காசு இல்ல, உங்களுது 30, வரி போக 26 சொச்சம். நான் உங்க இடத்துல இருந்தா விப்பேன், அந்த 26ஐ அப்படியே லோன்ல போடுவேன், மதுரைக்கு திரும்பிப் போற எண்ணம் இருந்தா மட்டும்தான் யோசிப்பேன். போறதா நீங்க ஒரு வரி கூட எழுதல.

அக்கா விக்கக் கூடாதுன்னா, நீயே எங்க பங்க எடுத்துக்கிறியான்னு கேளுங்க. குடும்பத்துக்குள்ள பங்க விட்டுக்குடுக்கிற விடுதலைப் பத்திரம்னா முத்திரைக் கட்டணமும் வெளியாளுக்கு கிரயம் பண்றதவிட ரொம்ப கம்மி. அக்கா மதுரைலயே இருந்தா அதுக்கு அந்த வீட்டோட கணக்கே வேற. எதுவா இருந்தாலும் வாரிசு சான்றிதழ் வாங்கி பட்டாவ மூணு பேர் பேருக்கும் மாத்துங்க, அதுவரைக்கும் புரோக்கர் நீட்டுற டோக்கன் அட்வான்ஸ் பத்தாயிரத்தக் கூட தொடாதீங்க.