தென்னைக் கண்ணால் பனையைப் பார்க்காதீர்கள்

கேள்வி: ஐயா, கிணத்துக்கடவு பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு. வெள்ளை ஈயும் வாடல் நோயும் படுத்துகிற பாட்டில், தெற்கு வரப்பில் பனை வைக்கலாம் என்று புரட்டாசிக் கடைசியில் 300 கொட்டை வாங்கி மூன்றடிக்கு ஒன்றாக ஊன்றினேன். தை பிறந்துவிட்டது, ஒரு பச்சைகூட மேலே தெரியவில்லை. ஐந்து கொட்டையைத் தோண்டிப் பார்த்தேன். பொங்கலுக்குச் சந்தையில் விற்கிற கிழங்கு மாதிரி ஒன்று ஒன்றரை அடி ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது. கொட்டைக்குள்ளே பருப்பு இல்லை, பஞ்சு மாதிரி ஏதோ கிடக்கிறது. கிழங்கு ரகக் கொட்டையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா? உரக்கடைக்காரர் ஹியூமிக் அமிலம் ஊற்றச் சொல்கிறார். இன்னொருவர் 5 ஆண்டில் காய்க்கும் ஒட்டுப்பனைக் கன்று, எல்லாம் பெண், ஒன்று 150 ரூபாய் என்கிறார். எது செய்யட்டும்?

பதில்: முதலில் மண்வெட்டியைக் கீழே வையுங்கள். உங்கள் பனை நன்றாக இருக்கிறது. செத்தது நீங்கள் தோண்டிய ஐந்து மட்டும்தான்.

கிழங்கு ரகம், மர ரகம் என்று பனையில் இரண்டு கிடையாது. அந்தக் கிழங்குதான் கன்று. தேங்காயை நாற்றங்காலில் போட்டால் குருத்து மேலே வரும், வேர் கீழே போகும். அதைப் பார்த்துப் பழகிய கண் உங்களுக்கு. பனை அப்படி இல்லை. கொட்டையிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, வருங்கால மரத்தின் கருவைத் தன் நுனியில் சுமந்துகொண்டு பூமிக்குள் இறங்கும். பிடித்த ஆழம் வந்த பிறகுதான் அங்கிருந்து குருத்து மேலே திரும்பும். மேலே தெரிய ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். செஷல்ஸ் தீவில் விளைகிற இரட்டைத் தேங்காய் பனைக்குப் பங்காளி முறை. உலகத்திலேயே பெரிய விதை அதுதான். அதன் குழாய் சில மீட்டர் தூரம் ஊர்ந்துபோய்க்கூட இடம் தேடும். அதோடு பார்த்தால் உங்கள் ஒன்றரை அடி ஒன்றுமே இல்லை.

கொட்டைக்குள் கிடந்த பஞ்சு அழுகல் அல்ல, தவுன். சில ஊரில் பூரான் என்பார்கள். பருப்பைக் கரைத்துக் கிழங்குக்கு அனுப்புவது அதன் வேலை. கொட்டை காலியாகிறது என்றால் சாப்பாடு போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கட்டுச்சோற்றோடு பிறந்த பிள்ளைக்கு ஹியூமிக் அமிலம் எதற்கு? கடைக்காரருக்கு விற்பனை இலக்கு இருக்கிறது. அது அவர் பாடு.

ஒட்டுப்பனை விஷயத்துக்கு வருகிறேன். மாவில் ஒட்டுக் கட்டலாம், கொய்யாவில் கட்டலாம். அந்த மரங்களில் பட்டைக்கு அடியில் இரண்டு தண்டையும் இணைக்கிற வளர்திசு இருக்கிறது. பனையிலும் தென்னையிலும் அது இல்லவே இல்லை. ஒட்டுப்பனை என்று ஒருவர் சொன்னால் அவருக்குத் தாவரம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். ‘எல்லாம் பெண்’ என்பதும் அதே கதைதான். கன்றைப் பார்த்து ஆண், பெண் சொல்ல முடியாது. பாளை விட வேண்டும், அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு ஆகும். அன்றைக்கு அவரை எங்கே போய்த் தேடுவீர்கள்? பாதிக்குப் பாதி ஆண் வந்தாலும் நஷ்டமில்லை. ஆண்பனைப் பாளையைச் சீவினாலும் பதநீர் வரும். நுங்கு மட்டும் இருக்காது.

ஒட்டு என்கிற பொய்யே இல்லாமல், நேர்மையான நாற்றங்காலில் வாங்கினாலும் பையில் வளர்த்த பனங்கன்றை நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இதில் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. பல வருடம் முன்பு ஒரு நாற்றங்காலில் 60 கன்று வாங்கி எங்கள் காட்டில் வைத்தேன். பையெல்லாம் முக்கால் அடி உயரம். ஒன்றரை அடி இறங்க வேண்டிய குழாய் பையின் அடியில் முட்டிச் சுருண்டிருந்தது. சுருளாதவை பையைக் கிழித்துத் தரைக்குள் போயிருந்தன. அவற்றைத் தூக்கி வண்டியில் ஏற்றியபோதே அடி அறுந்துவிட்டது. ஓலை பச்சையாக இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. முதல் கோடையிலேயே முக்கால்வாசி போயிற்று. நின்றவையும் மூன்றாம் வருடம் வரை அப்படியே நின்றன, வளரவில்லை. அதே ஆவணியில் என் பக்கத்துக் காட்டுக்காரர், மரத்தடியில் பொறுக்கிய கொட்டையைக் கடப்பாரைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டுப் போனார். தண்ணீரே காட்டவில்லை. இன்றைக்கு அவர் வரப்பில் வடலி, அதாவது இளம்பனை, வரிசையாக நிற்கிறது.

காரணம் எளிது. நேரடியாக ஊன்றிய பனையின் உயிர்முனை தரைக்குக் கீழே ஒன்றரை அடியில் பத்திரமாக இருக்கிறது. வெயில், காற்று, சருகு எரிகிற தீ என எது வந்தாலும் மேலே ஓலைதான் போகும். பைக்கன்றுக்கு அந்த உயிர்முனை ஒரு சாண் ஆழத்தில் இருக்கிறது. 2021இல் தமிழக அரசு முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனங்கொட்டையும் ஒரு லட்சம் கன்றும் தருவதாக அறிவித்தது. அந்த ஒரு லட்சத்துக்கும் கொட்டையே கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

கொட்டையைக்கூட நீங்கள் காசுக்கு வாங்கியிருக்க வேண்டியதில்லை. ஆடி, ஆவணியில் உங்கள் பக்கத்திலேயே பழம் விழுந்து கிடக்கும். நன்றாகக் காய்க்கும் நாலைந்து மரத்தடியில் பொறுக்கினால் போதும். காய்ந்தால் பனங்கொட்டைக்கு உயிர் நிற்காது. ஆகவே இடைவெளி நிரப்ப மாசியில் யாராவது கொட்டை விற்றால் வாங்க வேண்டாம். அடுத்த ஆவணி வரட்டும்.

சரி, நீங்கள் கேட்காத ஒன்று: மூன்றாம் வருடம் எத்தனை நிற்கும்? ஆடு கடிப்பதும் கோடைத் தீயும் பனைக்குப் பெரிதல்ல, திரும்பத் துளிர்க்கும். காட்டுப்பன்றி அப்படியல்ல, கிழங்கைத் தேடி வரிசையாகக் கிண்டிக்கொண்டே போகும். அதைவிட மோசம் டிராக்டர். வரப்பை அணைத்து உழுகிறபோது, மேலே ஒன்றும் தெரியாத இந்த முதல் வருடத்தில்தான் பாதி அழியும். ஒவ்வொரு குழிக்கும் குச்சி நட்டுச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். மேலே வேலமுள் போடுங்கள். டிராக்டர் ஓட்டுகிற தம்பியைக் கூட்டிப்போய் வரப்பைக் காட்டுங்கள்.

மூன்றடி நெருக்கத்தை இப்போது கலைக்க வேண்டாம். போனது போக நிற்பதில் பத்தடிக்கு ஒன்றை நான்காம் வருடம் நிறுத்திக்கொள்ளலாம். தென்னை நிழல் விழும் இடத்தில் போட்டவற்றை மறந்துவிடுங்கள். பனைக்கு முழு வெயில் வேண்டும். தென்னைக்குப் பதில் இதில் வருமானம் என்று கணக்குப் போட்டிருந்தால் அதையும் திருத்திக்கொள்ளுங்கள். வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்கிற கதை என்று சும்மா சொல்லவில்லை.

தோண்டிய ஐந்து கிழங்கையும் என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லையே. உப்பும் மஞ்சளும் போட்டு அவித்திருந்தால் சரி.