டார்ச் ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' வந்தால் கருவைக் கலைக்க வேண்டுமா?

10 வாரக் கர்ப்பிணி ஒருவர் கேட்கிறார்: "வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தவர் சொன்னாரே என்று டார்ச் பேக்கேஜும் (கருவைப் பாதிக்கக்கூடிய சில கிருமிகளுக்கான ரத்தப் பரிசோதனைத் தொகுப்பு) சேர்த்துக் கொடுத்தேன். ருபெல்லா, சிஎம்வி, டாக்ஸோபிளாஸ்மா என்ற மூன்று கிருமிகளுக்கும் ஐஜிஜி பாசிட்டிவ், டாக்ஸோவில் ஐஜிஎம்மும் லேசாகப் பாசிட்டிவ். குழந்தை ஊனமாகப் பிறக்கும், கலைத்துவிடு என்கிறார்கள். மூத்தவனுக்கு 3 வயது. என்ன செய்வது?"

அந்த ஒரு தாளை நம்பிக் கலைக்காதீர்கள் அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஐஜிஜி என்பது எப்போதோ வந்துபோன கிருமியோ, போட்டுக்கொண்ட தடுப்பூசியோ ரத்தத்தில் விட்டுப்போன தடம், ஒரு எதிர்ப்புப் பொருள். ருபெல்லாவில் அது இருப்பது நல்ல செய்தி, இல்லாவிட்டால்தான் எனக்குக் கவலை, ஏனென்றால் அந்த ஊசியைக் கர்ப்பத்தில் போட முடியாது, பிரசவம் வரை காத்திருக்க வேண்டும். இந்த நல்ல செய்தியைச் சிவப்பு எழுத்தில் அச்சடித்து, ஒரு வார்த்தை விளக்காமல் கையில் கொடுத்து அனுப்புகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பேக்கேஜ் விற்பவருக்குக் கமிஷன், உங்களுக்குத் தூக்கம் போனது. கருச்சிதைவு ஆனவர்களிடமும் இதையே தள்ளிவிடுகிறார்கள்.

சரி, டாக்ஸோ ஐஜிஎம். இது இன்னொரு வகை எதிர்ப்புப் பொருள். புதுத் தொற்றில் வரும், ஆனால் சிலருக்கு ஒரு வருடம் தாண்டியும் ரத்தத்தில் தங்கும், தொற்றே இல்லாமல் பொய்யாகவும் காட்டும். அதனால் நல்ல ஆய்வகத்தில் 'அவிடிட்டி' என்ற பரிசோதனை கேளுங்கள், ஐஜிஜி அந்தக் கிருமியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று அளப்பது அது. இந்த 10 வாரத்தில் அது அதிகம் என்று வந்தால் தொற்று கருத்தரிப்பதற்கு முன்பே வந்தது, பயமில்லை. குறைவு என்று வந்தால்? இங்கேதான் படித்தவர்களே தடுக்கி விழுகிறார்கள். குறைவு என்றால் புதுத் தொற்று என்று அர்த்தமில்லை. பல மாதம் முன்பு வந்தவர்களுக்கும் குறைவாகவே நிற்கும். அப்போது 2, 3 வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து, பழைய மாதிரியையும் புதியதையும் ஒரே ஆய்வகத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்து, ஐஜிஜி அளவு ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும். ஏறினாலும் ஸ்பைராமைசின் மாத்திரை இருக்கிறது, 18 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்து, கிருமி குழந்தைக்குப் போயிருக்கிறதா என்று பார்க்கலாம். கலைப்பது பற்றிய பேச்சே அதற்கெல்லாம் அப்புறம்தான்.

இன்னொன்று. சிபிலிஸ் (உடலுறவில் பரவும் நோய்), எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி மூன்றும் பார்த்தாயிற்றா? எல்லாக் கர்ப்பிணிக்கும் தொடக்கத்திலேயே பார்க்க வேண்டியவை இவைதான். சிபிலிஸைப் பென்சிலின் ஊசியால் நேரத்தோடு குணப்படுத்தினால் குழந்தை தப்பிக்கிறது (கணவருக்கும் சேர்த்து வைத்தியம் செய்ய வேண்டும்). இருந்தும் அதை விட்டுவிட்டு டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன், ஆத்திரமாக வருகிறது.

சிஎம்வி ஒருமுறை வந்தவருக்கு ஆபத்து குறைவு, ஆனால் அடியோடு இல்லை என்று சொல்ல மாட்டேன். அது சின்னக் குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் மாதக்கணக்கில் இருக்கும். மூத்தவன் பாதி கடித்து நீட்டுவதை வாயில் போடாதீர்கள், அவன் ஸ்பூன் அவனுக்கு மட்டும், முத்தம் நெற்றியில். மூக்கைத் துடைத்தாலும் ஜட்டி மாற்றினாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். டாக்ஸோவுக்கு இறைச்சியை நன்றாக வேகவையுங்கள், பூனை மலத்தை வேறு யாராவது தினமும் அள்ளட்டும்.

இன்றே ஆய்வகத்துக்குப் போன் போட்டு, முதலில் எடுத்த ரத்த மாதிரியை எறியாமல் வைக்கச் சொல்லுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.