ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே மட்டும் வரவில்லை: மதர்போர்டு போய்விட்டதா?

கேள்வி: ஆறு வருடப் பழைய டெஸ்க்டாப். ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. சில சமயம் ஐந்தாறு விநாடியில் தானே அணைந்து மறுபடி ஆன் ஆகிறது. கடையில் மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள். உண்மையா?

பதில்:

இந்த அறிகுறியை மட்டும் வைத்து மதர்போர்டு போய்விட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. ராம் (தற்காலிக நினைவகப் பட்டை) சரியாக உட்காராவிட்டாலும் இப்படித்தான் இருக்கும். எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) தளர்ந்திருந்தாலும் இப்படித்தான். கேபினட்டின் முன்பக்க ரீசெட் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டாலும் இதேதான். மற்ற எல்லாவற்றையும் பார்த்துக் கழித்த பிறகு மிச்சம் நிற்பதுதான் மதர்போர்டு. அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டால் உங்களுக்குத்தான் பெரிய செலவு.

பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. முதலில் எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட் மூன்றையும் கொடுக்கத் தொடங்கும். மூன்றும் நிலைக்கு வந்ததும், அரை விநாடிக்குள், சாம்பல் நிற ஒயரில் 5 வோல்ட் அனுப்பும். 'கரண்ட் சரியாக இருக்கிறது, ஆரம்பிக்கலாம்' என்பதற்கான சிக்னல் அது. அதற்குப் பிறகுதான் பிராசஸர் கண் விழித்து பயாஸை, அதாவது போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க புரோகிராமை, படிக்கும். பயாஸ் முதலில் ராமைத் தேடும், பிறகு கிராஃபிக்ஸ், கடைசியாக விண்டோஸ் இருக்கும் டிஸ்க். திரையில் படம் வர இத்தனை படி தாண்ட வேண்டும். ஃபேன் சுற்ற 12 வோல்ட் வந்தால் போதும். அதனால் ஃபேன் சுற்றுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

தானே அணைந்து மறுபடி ஆன் ஆவது ஒரு நல்ல துப்பு. ஒரே இடைவெளியில், நான்கைந்து விநாடிக்கு ஒரு முறை அப்படி ஆகிறது என்றால், பெரும்பாலும் பயாஸ் ஓடுகிறது, ராமோடு ஒத்துப்போகப் பார்த்துத் தோற்று மறுபடி முயல்கிறது என்று பொருள். ஃபேன் அரைச் சுற்று சுற்றி உடனே நின்றால் எங்கோ ஷார்ட், எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள நிறுத்துகிறது. நேரத்தைக் கைபேசியில் அளந்து எழுதி வையுங்கள்.

கேபினட்டைத் திறக்கும் முன் வெளியே பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில்தான் இருக்க வேண்டும், மேலே மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் இருக்கக் கூடாது. பெயரின் கடைசியில் எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் உள்ளமை கிராஃபிக்ஸே கிடையாது, போர்டின் எச்டிஎம்ஐயில் செருகினால் எப்போதும் இருட்டுதான். பென் டிரைவ், பிரிண்டர், வெப்கேம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். வளைந்துபோன ஒரு யுஎஸ்பி முனை ஷார்ட் ஆனாலே சில போர்டுகள் தொடங்க மறுக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள்.

அடுத்து உள்ளே. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் கரண்ட் வடிந்துவிடும். கேபினட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பை ஒரு முறை தொட்டுவிட்டுக் கையை உள்ளே விடுங்கள்.

ராமில் நிதானமாக நேரம் செலவிடுங்கள், இந்த அறிகுறிக்கு மிக அதிகமாகக் காரணமாவது அதுதான். இரண்டு பக்கக் கிளிப்பையும் விரித்து (சில போர்டில் ஒரு பக்கம்தான் கிளிப் இருக்கும்) ராமை நேராக மேலே எடுங்கள். கீழ் விளிம்பில் வரிசையாக இருக்கும் தங்க நிறப் பற்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புதிதில் கண்ணாடி போல் மின்னும். கடலோர ஊர்களில், அல்லது ஜன்னலோரம் வைத்த கம்ப்யூட்டரில், அதன் மேல் மங்கலாகப் பால் ஏடு மாதிரி ஒரு படலம் படிந்திருக்கும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரை எடுத்து, மேலிருந்து விளிம்பு நோக்கி ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். இரண்டு பக்கமும். ரப்பர் துகள் ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது. பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒரு துடைப்பு, காய ஐந்து நிமிடம். உப்புத்தாள் போடாதீர்கள்: தங்கப் பூச்சு மிக மெல்லியது, ஒரு தடவை உரிந்தால் போனதுதான். ஸ்லாட்டுக்குள் ப்ளோயர் அடிக்கலாம், வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரம் போய் உட்காரும்.

திரும்பப் பொருத்தும்போது நடுவில் அழுத்தினால் ஒரு முனை அரை மில்லிமீட்டர் மேலே நின்றுவிடும், கண்ணுக்குத் தெரியாது. இரண்டு முனையிலும் கட்டைவிரல் வைத்து, கிளிப் தானாக 'க்ளிக்' என்று மூடும்வரை அழுத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் இப்போதைக்கு ஒன்று மட்டும் போதும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள், பெரும்பாலான போர்டுகள் முதலில் எதிர்பார்ப்பது அதைத்தான். வரவில்லையா, அடுத்த ராமை அதே ஸ்லாட்டில். அதுவும் வரவில்லையா, வேறு ஸ்லாட். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றிய பிறகு டிஸ்ப்ளே வந்தால் எது குற்றவாளி என்று தெரியாமலே போய்விடும்.

இதோடு ஒரு சின்னப் பொருள் வாங்குங்கள். மதர்போர்டில் செருகும் பீப் ஸ்பீக்கர், நான்கு பின் இடத்தில் உட்காரும், விலை மிகக் குறைவு. அதைச் செருகிவிட்டு எல்லா ராமையும் கழற்றி ஆன் செய்யுங்கள். விட்டு விட்டுப் பீப் அடித்தால் சந்தோஷப்படலாம்: பிராசஸர் ஓடுகிறது, பயாஸ் ஓடுகிறது, 'ராம் இல்லை' என்று கத்துகிறது. கடையில் போய்விட்டது என்று சொன்ன அதே போர்டுதான் இப்படிக் கத்துகிறது. ராம் இல்லாதபோதும் மௌனம் என்றால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ், பிராசஸர், போர்டு மூன்றின் மேல் திரும்பும். சில போர்டுகளின் ஓரத்தில் நான்கு சின்ன எல்இடி இருக்கும், பக்கத்திலேயே எது எதற்கு என்று எழுதியிருக்கும்: பிராசஸர், ராம், கிராஃபிக்ஸ், பூட். எதில் எரிந்து நிற்கிறதோ அங்கேதான் தடை.

முன்பக்கப் பட்டன் விஷயத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. ரீசெட் பட்டன் அழுந்தியபடி சிக்கினால் போர்டு ரீசெட்டிலேயே தொங்கும்: ஃபேன் சுற்றும், திரை இருட்டு. பவர் பட்டன் சிக்கினால் நான்கைந்து விநாடியில் அணையும், நாம் வேண்டுமென்று அழுத்திப் பிடித்து அணைப்பது போலவே. சோதிப்பது எளிது. போர்டின் கீழ் மூலையில் அந்த மெல்லிய ஒயர்கள் வந்து சேரும் இடத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் உருவுங்கள். பவர் பட்டனுக்கான இரண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டுவிட்டு எடுங்கள். கம்ப்யூட்டர் ஒழுங்காக ஆன் ஆனால் கோளாறு ஒரு பிளாஸ்டிக் பட்டனில்தான்.

அடுத்தது சிமாஸ் பேட்டரி, பயாஸ் அமைப்புகளைக் காக்க போர்டில் இருக்கும் அந்த வட்டமான 3 வோல்ட் சிஆர்2032. ஆறு வருடத்தில் அது தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பேட்டரி தீர்ந்ததால் மட்டும் டிஸ்ப்ளே போவது அபூர்வம்தான், ஆனால் பயாஸில் குழம்பிய அமைப்பு ஒன்று உட்கார்ந்திருந்தால் பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் வைப்பது அதை அழித்துவிடும். பிளக் சுவரில் இருக்கும்போது கழற்றிப் பயனில்லை.

அழிக்கும் முன் இரண்டு எச்சரிக்கை. டிஸ்க் பிட்லாக்கரில் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) பூட்டப்பட்டிருந்தால், பயாஸ் அமைப்பு மாறியதும் விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். கைபேசியிலிருந்து உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தக் கீ இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, டிஸ்க்கோடு பேசும் முறையைச் சொல்லும் பயாஸின் சாட்டா அமைப்பு ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாறிவிட்டால் டிஸ்ப்ளே வரும், விண்டோஸ் மட்டும் நீலத் திரையோடு நிற்கும். அதைப் பார்த்து விண்டோஸ் கெட்டுவிட்டது என்று ஃபார்மட் போட்டுவிடாதீர்கள். பயாஸில் பழையபடி மாற்றினால் போதும்.

இப்போது எஸ்எம்பிஎஸ். காலையில் மூன்று நான்கு முறை அழுத்தினால்தான் எழுகிறது, எழுந்துவிட்டால் நாள் முழுக்க ஓடுகிறது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் (மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் பாகங்கள்) வயதானால் குளிர்ந்த நிலையில் தடுமாறும், சூடானதும் ஒருவாறு தேறும். முதலில் பிராசஸருக்குப் பக்கத்தில், போர்டின் மேல் மூலையில் செருகும் 4 அல்லது 8 பின் கேபிள் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது கழன்றிருந்தாலும் ஃபேன் சுற்றும், பிராசஸர் மட்டும் எழாது.

மல்டிமீட்டர் இருந்தால் டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கருப்பு முனை, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்கு வரும் 24 பின் கனெக்டரின் கருப்பு ஒயரில். கம்ப்யூட்டர் அணைந்திருந்து பிளக் மட்டும் செருகியிருக்கும்போதே ஊதா ஒயரில் 5 வோல்ட் இருக்க வேண்டும். ஆன் செய்ததும் மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.46. சாம்பலில் 5 வோல்ட்டுக்குப் பக்கம் வந்து நிலையாக நிற்க வேண்டும், அது வரவில்லை என்றால் பிராசஸர் காத்துக்கொண்டே இருக்கும். 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றாமல் பின்புறமாக மீட்டர் முனையை நுழைத்து அளக்க வேண்டும், கழற்றி வைத்துச் சுமை இல்லாமல் அளந்தால் கெட்ட எஸ்எம்பிஎஸ்கூட நல்ல எண் காட்டும். பச்சை ஒயரையும் கருப்பு ஒயரையும் கம்பியால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கும் வழக்கமான சோதனைக்கும் இதே குறைதான்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். சந்தேகம் வந்தால் மாற்றிவிடுவதுதான் சரி.

லோகோ வந்து, அதற்குப் பிறகு விண்டோஸ் மட்டும் வராமல் நின்றால் அது வேறு நோய். அப்போது பயாஸுக்குள் போய் டிஸ்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் கேபிளும் டிஸ்க்கும். தெரிந்தால் லோகோவுக்கு அடுத்த கட்டத்தில் மூன்று முறை பவர் பட்டனால் அணைத்து அணைத்து எழுப்பினால் விண்டோஸ் தானாக ரிப்பேர் திரைக்கு வரும், அங்கே ஸ்டார்ட்டப் ரிப்பேர், சேஃப் மோட் இரண்டும் இருக்கின்றன. டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டால் எந்த ரிப்பேரும் ஓட்டாதீர்கள், முதலில் டேட்டாவைக் காப்பி எடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால், போர்டைக் கேபினட்டிலிருந்து எடுத்து ஒரு காய்ந்த அட்டைப் பெட்டி மேல் வைத்து, பிராசஸர், அதன் கூலர், ஒரு ராம், நல்லது என்று தெரிந்த வேறொரு எஸ்எம்பிஎஸ், பீப் ஸ்பீக்கர் மட்டும் இணைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். வீட்டில் இது கடினம், கடையில் பத்து நிமிட வேலை. அந்த நிலையிலும், ராமைக் கழற்றினாலும் போட்டாலும் மௌனம் என்றால் போர்டோ பிராசஸரோ போயிருக்கிறது. போர்டில் கெபாசிட்டர் ஏதேனும் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பிராசஸரை வேறு போர்டில் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

கடைக்குக் கொண்டுபோகும் முன் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். டிஸ்ப்ளே வருகிறதா என்று சோதிக்க அது தேவையே இல்லை. எம்.2 (போர்டிலேயே நேராகச் செருகும் சின்னப் பட்டை டிஸ்க்) என்றால் ஒரே ஒரு சின்ன ஸ்க்ரூ, சாட்டா என்றால் இரண்டு கேபிள். குடும்பப் போட்டோக்களும் கணக்கு வழக்குகளும் அதில்தான் இருக்கின்றன, போர்டு மாறினாலும் அவை அப்படியே இருக்கும்.