பழைய ஸ்விஃப்ட் ஹெட்லைட் வாங்கும்போது எது பொருந்தும் என்று எப்படிப் பார்ப்பது?

“2012 ஸ்விஃப்ட், வலது பக்க ஹெட்லைட் உடைந்துவிட்டது, சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் பழையது வாங்கலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம், ஆனால் “ஸ்விஃப்ட் லைட்” என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள்.

இந்தியாவில் மாருதி ஸ்விஃப்ட் கார் 2005, 2011, 2018, 2024 என்று அடுத்தடுத்த தலைமுறைகளாக வந்தது, ஒன்றின் லைட் இன்னொன்றில் உட்காராது. உங்களுடையது இரண்டாவது. கழற்றிய லைட்டைக் கையிலேயே எடுத்துப் போய், பின்புற ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பரையும் கனெக்டரின் பின்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், கடைக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. லைட்டை ஏற்றி இறக்கும் மோட்டார் உங்கள் உடைந்த லைட்டில் இருந்தால் வாங்கும் லைட்டிலும் இருக்க வேண்டும்.

அப்புறம், இடது பக்க ஸ்டியரிங் உள்ள நாட்டு வண்டியின் லைட் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதன் டிம் ஒளி வலப்பக்கம் தூக்கி அடிக்கும், எதிரே வருபவர் கண் கூசும். லைட்டை வண்டியில் மாட்டும் காதுகள் உடைந்து ஒட்டியிருக்கிறதா, உள்ளே ரிஃப்ளெக்டர் கருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கண்ணாடி மஞ்சளாக இருந்தால் பாலிஷ் போட்டுக்கொள்ளலாம், அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.